புதுச்சத்திரம் தாண்டி நின்ற கார்

மயில்சாமியை அவன் பெண்டாட்டி திட்டியதை நான் முதலில் கேட்ட அன்று என் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. நடுப்பகல். பட்டறையில் இரண்டு பஸ்ஸும் அவற்றின் ஆட்களும் நின்றிருந்தார்கள். சும்மாட்டின் மேல் சோற்றுச் சட்டியோடு வந்த காளியாத்தாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"புள்ளயக் கொன்ன கைக்குச் சோறு கொண்டாந்திருக்கறேனுங்க. எந்திரிச்சு வந்து தின்னுங்க."

அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை கொலைகாரனுக்குச் சொல்வது. அதிலும் ஒரு 'ங்க' குறையவில்லை. மயில்சாமி எழுந்து மண்ணெண்ணெயில் கையைக் கழுவி, பிறகு தண்ணீரில் கழுவி, உட்கார்ந்து, சட்டியில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றான். தின்று முடித்தபோது அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்தப் பிள்ளை எதனால் செத்தது என்று அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் அது தெரியக்கூடாது என்பதுதான் அவன் உயிரை வைத்திருந்த ஒரே காரியம். அதற்காக என்னையும் வாயடைத்து வைத்திருந்தான்.

நான் கைலாசம். ராசிபுரத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறேன். தறிக்காரக் குடும்பத்தில் பிறந்தவன். தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் உட்காரப் பொறுமை இல்லாமல் சேலத்துக்கு ஓடிப்போய் இந்த எண்ணெய்த் தொழிலைக் கற்றுக்கொண்டேன். கோபக்காரன் என்று எனக்கு ஊரில் பேர். அந்தப் பேரைச் சம்பாதிக்க நான் பாடுபட்டிருக்கிறேன். அதனால் மறுக்கப் போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பதை இதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

மயில்சாமிக்குச் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே அப்புசாமிக் கவுண்டர் பெரிய பண்ணையக்காரர். மயில்சாமி அவருக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் ஏழை. சின்ன வயதிலிருந்தே அவருடைய சவாரி வண்டிக் காளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேட்டூரில் அணை கட்டி முடித்த வருஷம், அதைப் பார்க்கப் போன கவுண்டர், அங்கே கம்பெனி துரைகள் காரில் வந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்து தானும் ஒன்று வாங்கிவிட்டார். காரை ஓட்ட யாரை நம்புவது? காளையை ஓட்டியவனையே சேலத்துக்கு அனுப்பி டிரைவர் வேலை கற்றுக்கொண்டு வரச் சொன்னார்.

அவன் நன்றாகவே கற்றுக்கொண்டு வந்தான். எஞ்சின் சூடாகிவிட்டால் எப்படித் தெரியும் என்று நான் ஒரு தடவை சோதித்தேன். "மாட்டுக்குக் காய்ச்சல்னா மூக்கு காயுமுங்க மேஸ்திரி. இதுக்கும் மூக்கு முன்னாலதானுங்களே இருக்குது" என்று ரேடியேட்டரைத் தொட்டுக் காட்டினான். நான் சிரித்தேன். ஆனால் விஷயத்தில் பிழை இல்லை. மேட்டில் ஏறும்போது இழுவை குறைந்து எஞ்சின் தட்ட ஆரம்பித்தாலே நிறுத்திவிடுவான். தண்ணீர் எங்காவது ஒழுகுகிறதா, விசிறி பெல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பான். சூட்டோடு மூடியைத் திறக்கமாட்டான். ஆற விட்டு, துண்டைச் சுற்றி, முகத்தை ஒதுக்கிக்கொண்டுதான் திறப்பான். எத்தனையோ டிரைவர்கள் அந்த அவசரத்தில் முகத்தை வேகவைத்துக்கொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒரு நாளும் மூடியைக் கழற்றித் தண்ணீர் மட்டத்தைப் பார்க்காமல் அவன் காரை எடுத்ததே இல்லை.

காளியாத்தாளுக்குப் பண்ணையத்தில் மாடு கட்டும் கட்டுத்தறியில் வேலை. அந்தப் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. தூரம் போய்வந்த காளைக்கு வெறுந்தண்ணீர் காட்டமாட்டார்கள். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, தவிடு, ஆட்டிய பருத்திக்கொட்டை எல்லாம் சேர்ந்து தாழியில் புளித்துக் கிடக்கும். அந்தக் கழுநீரைத்தான் கலக்கி வைப்பார்கள். 'வெறுந்தண்ணி காட்டற பண்ணயம்' என்று ஒரு வீட்டைச் சொல்லிவிட்டால் அந்த வீட்டுக்குப் பெண் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். அப்படி வளர்ந்தவள் கண்முன்னே, சேலம் வரை ஓடிப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்கிற ஒரு ஜீவனுக்குத் தன் புருஷன் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றுவது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, பாவமுங்க அது. வெறுந்தண்ணியே காட்டறீங்களே, கொஞ்சம் கழுநீர் கலக்கி ஊத்துனா என்னுங்க?" என்று ஒரு சாயங்காலம் கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு அப்போது நிறை மாதம். கலியாணமாகி ஏழெட்டு வருஷம் கழித்து வந்த பிள்ளை. மயில்சாமி சந்தோஷத்தில் இருந்தான். பெண்டாட்டியிடம் விளையாட்டாக, "ஊத்து, ஊத்து. பருத்திக்கொட்டையும் சேத்து ஊத்து. அடுத்த மாசம் கன்னு போட்டாலும் போடும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறான். அவளும் சிரித்திருக்கிறாள். அவன் அதை அப்போதே மறந்துவிட்டான்.

அவள் மறக்கவில்லை. ஒரு தடவை மேட்டூர் போய்வந்த களைப்பில் அவன் கிடந்து தூங்கிய காலைகளில், அவன் செய்கிற வேலையைத் தான் செய்வோம் என்று, மூடியைத் திருகித் திறந்து சொம்பு சொம்பாகக் கழுநீர் ஊற்றியிருக்கிறாள். ஒரு நாள் அல்ல, இரண்டு மூன்று நாள். பொம்பளை காரைத் தொட்டாள் என்று கவுண்டர் சத்தம் போடுவார் என்று யாரிடமும் சொல்லவில்லை. கார் அந்த நாட்களில் சேந்தமங்கலம் வரைக்கும்தான் போய்வந்தது. பக்கத்து ஓட்டம் என்பதால் ஒன்றும் தெரியவில்லை.

முப்பத்தாறாம் வருஷம் பங்குனி மாதம் அவளுக்கு வலி கண்டது. விடியும் நேரத்தில் மருத்துவச்சி பெருமாயி வெளியே வந்து, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, தன்னால் ஆகாது, உடனே சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றாள். அப்புசாமிக் கவுண்டர் ஒரு நொடி யோசிக்கவில்லை. தன் வீட்டுப் பெண்களைத் தவிர வேறு யாரையும் ஏற்றாத காரைத் தானே கொட்டகையிலிருந்து தள்ளி வெளியே விட்டார். கவுண்டரை எனக்குப் பிடிக்காது. என்றாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மயில்சாமி அந்தப் பதற்றத்திலும் மூடியைக் கழற்றிப் பார்த்தான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: பார்த்தான். அரை இருட்டில் விரலை விட்டுப் பார்த்தபோது வாய் வரைக்கும் நிறைந்திருந்தது; ஆறிக் கிடந்ததால் வாசமும் எழவில்லை. மூடியைத் திருகிவிட்டுக் கிளப்பினான். பின்சீட்டில் காளியாத்தாள் பெருமாயியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

புதன்சந்தை வரைக்கும் ஒன்றுமில்லை. பெரிய ரோட்டில் ஏறி வேகம் எடுத்ததும் எஞ்சின் தட்டத் தொடங்கியது. புதுச்சத்திரம் தாண்டியதும் முன்பக்கமிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பிக் கண்ணாடியை மறைத்தது. நிறுத்தி இறங்கினான். கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெல்ட்டு சரியாக இருந்தது. மேலே போகிற குழாயைத் தொட்டால் கை பொரிந்தது. கீழ்க்குழாய் சில்லென்று கிடந்தது. சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குள் இறங்கவே இல்லை, உள்ளே எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. எது என்றுதான் புரியவில்லை.

பின்சீட்டிலிருந்து அவள் கத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாழ்நாளில் செய்யாததை அன்று அவன் செய்தான். ஆற விடாமல் மூடியைத் திறந்தான். கொதி சீறி அவன் வலது கையை முழங்கை வரைக்கும் வேகவைத்தது. அந்த ஆவியோடு வந்த வாசம் அவன் மூக்கில் ஏறியது. புளித்த தவிட்டுக் கஞ்சி அடுப்பில் கொதிக்கிற வாசம்.

அங்கேயே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். கை எரிந்தது அவனுக்குத் தெரியவில்லையாம். 'ஊத்து, ஊத்து' என்று தான் சிரித்ததுதான் காதில் கேட்டதாம்.

அப்போதுதான் காரிலிருந்து காளியாத்தாள், "தண்ணி பாத்தீங்களா, இல்லீங்களா?" என்று அலறினாள்.

அவன் எழுந்து நின்று, "மறந்துட்டேன் காளி" என்றான்.

பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி மறுபடி கிளப்பினான். ஒரு பர்லாங்கு ஓடியது. மறுபடி ஊற்றினான், மறுபடி ஒரு பர்லாங்கு. கடைசியில் எஞ்சின் இறுகிப் பூட்டு விழுந்த மாதிரி நின்றுவிட்டது. காட்டுப்பக்கமிருந்து ஒரு கட்டைவண்டியைப் பிடித்து அவளை அதில் ஏற்றி ராசிபுரத்துக்குக் கொண்டுவந்தபோது உச்சிப்பொழுது. எங்கள் தெருவில் நர்ஸ் வேலை பார்த்த ராஜம்மாள் வீட்டில் இறக்கினார்கள். தாயைக் காப்பாற்றினாள். பிள்ளை அழவே இல்லை. ஆண் பிள்ளை. "இன்னும் சித்த முன்னாடி கொண்டாந்திருந்தா" என்று ராஜம்மாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தை வீடு முழுக்கக் கேட்டது.

மறுநாள் இரண்டு காளைகளைப் பூட்டிக் காரை இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான் மயில்சாமி. கையில் வாழையிலை சுற்றியிருந்தது. அன்று அமாவாசை. தறி எல்லாம் ஓய்ந்திருந்த நாள்; எனக்கும் ஆட்கள் இல்லை. பிள்ளை போன விஷயம் எனக்குத் தெரியும். அதனால் பேச்சுக் கொடுக்காமல் ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்தேன்.

உள்ளிருந்து கொழகொழவென்று ஒரு மாவு விழுந்தது. தவிடு, வெந்த கஞ்சிக் கட்டி, பருத்திக்கொட்டைத் தோல். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை காரைத் திறந்திருப்பேன்! துரு பார்த்திருக்கிறேன், சேறு பார்த்திருக்கிறேன், ஒரு தடவை செத்த ஓணான்கூடப் பார்த்திருக்கிறேன். சோறு பார்த்ததில்லை. என்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்த மடச் சாம்பிராணிடா காருக்குக் கழுநீர் வெச்சது?" என்று வாய்விட்டுச் சிரித்தேன்.

மயில்சாமி வெந்த கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"என்ற ஊட்டுக்காரிங்க மேஸ்திரி. நான் ஊத்தச் சொன்னேனுங்க. வெளையாட்டுக்குச் சொன்னேனுங்க."

நான் ரேடியேட்டரைக் கீழே வைத்துவிட்டேன். அவன் நடந்ததையெல்லாம் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, மாடத்திலிருந்த கற்பூரத்தை எடுத்துக் கொளுத்தி என் முன்னால் வைத்தான். "அவளுக்குத் தெரிஞ்சா கெணத்துல உளுந்துருவாளுங்க. சத்தியம் பண்ணுங்க" என்றான். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் அதை மீறினவன் குலம் விளங்காது என்பார்கள். நான் கையால் அடித்து அணைத்தேன். அந்த மாவையெல்லாம் அவனே அள்ளிக்கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்தான். முந்தின நாள் சாயங்காலம்தான் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவன்.

அடுத்த நாள் கவுண்டர் வந்தார். என்ன கோளாறு என்று என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மயில்சாமி முந்திக்கொண்டு, "தண்ணி பாக்காம எடுத்துட்டேனுங்க" என்றான். கவுண்டர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். "பெத்த புள்ள உசுரு போற வண்டிக்கே தண்ணி பாக்கலியாடா நீ? இனிமே எம்பட வண்டியத் தொட்டராதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடையே வலித்தது. டிரைவருக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. எல்லாரிலும் ஒழுங்காகத் தண்ணீர் பார்த்தவன் அவன்.

அன்றிலிருந்து என் பட்டறையில்தான் வேலை. ராசிபுரத்திலேயே ஒரு வீடு பார்த்துக் குடிவந்தார்கள். வேறு பிள்ளை பிறக்கவில்லை. தினமும் மத்தியானம் அவள் சோறு கொண்டுவருவாள், தினமும் திட்டுவாள். யாராவது ஒரு டிரைவர் ஆவி பறக்கக் காரைக் கொண்டுவந்து நிறுத்துவான். எந்தக் குழாய் சுடுகிறது, எந்தக் குழாய் ஆறிக் கிடக்கிறது என்று மயில்சாமி அவனுக்குக் காட்டிக்கொண்டிருப்பான். அந்த நேரம் பார்த்து அவள் வந்துவிடுவாள்.

"இவருகிட்டயா கேக்கறீங்க? தண்ணி பாக்கத் தெரியாம புள்ளயத் தொலச்சவருங்க இவரு."

அந்த டிரைவர் தலையைக் குனிந்துகொள்வான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். ஒரு தடவை தாங்காமல், "ஏம்மா, நிறுத்து! உனக்கு என்ன தெரியும்?" என்று ஆரம்பித்தே விட்டேன். மயில்சாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் ஒரு நல்ல பல்சக்கரத்தைச் சுத்தியலால் அடித்து உடைத்தேன்.

உலகச் சண்டைக் காலம் வந்து பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுகளெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடிய வருஷங்களில் ஒரு நாள் அவள் சோற்றை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலோ என்னவோ. அப்பாடா, இன்றைக்கு ஒரு வேளை நிம்மதி என்று நான் நினைத்தேன். மயில்சாமிக்கோ முகம் வெளுத்துவிட்டது. சோற்றைப் பிசைந்தான்; வாய்க்குக் கொண்டுபோகவில்லை. ஒரு பஸ்ஸின் கரி அடுப்புக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டுபோய், "அவகிட்டச் சொல்லிப்போட்டீங்களா மேஸ்திரி?" என்றான். இல்லை, சத்தியமாக இல்லை என்றேன். அவன் நம்பவில்லை. அப்போது அவள் அங்கிருந்து, "சோத்த ஈ மொய்க்க உட்டுப்போட்டு எங்கீங்க போனீங்க? தண்ணியத்தான் பாக்கத் தெரியாது, சோத்தையுமா பாக்கத் தெரியாது?" என்று குரல் கொடுத்தாள்.

மயில்சாமி போய் உட்கார்ந்து முழுச் சட்டியையும் தின்றான்.

போன வருஷம் ஐப்பசியில் அவன் செத்துப்போனான். காலையில் ஒரு லாரியின் அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், நெஞ்சு அடைக்கிறது என்று வெளியே வந்தான். பட்டறை வாசலிலேயே என் மடியில் போய்விட்டான்.

எழவு வீட்டில் அவள் அழவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை. காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். ஆறுதல் சொல்லப் போகவில்லை. இத்தனை வருஷம் என் நண்பனை அவள் படுத்திய பாட்டுக்கு, உண்மையைச் சொன்னால் அவளுக்கு உறைக்கும், உறைக்கட்டும் என்றுதான் போனேன். சத்தியம் அவன் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான் என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன். ரேடியேட்டரைக் கவிழ்த்தது, தவிடு, பருத்திக்கொட்டை, கற்பூரம் எல்லாம். அவள் அலறுவாள், மயங்கி விழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முறத்தில் வைத்திருந்த ராகியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். கை நிற்கவே இல்லை.

"தெரியுமுங்கண்ணா" என்றாள்.

எனக்குத் திக்கென்றது. "என்ன தெரியும்?"

"அந்த மூடியத் தொறந்தப்பவே தெரியுமுங்க. தெனமும் நான் கலக்குன கழுநீருங்க அது. அந்த வாசம் எனக்குத் தெரியாதுங்களா? காருக்குள்ளாற வந்து என்ற மூஞ்சியில அடிச்சுதுங்க. அவருக்கு மட்டும் தெரியக்கூடாது, தெரிஞ்சா என்னைய ஏறெடுத்தும் பாக்கமாட்டாருன்னு பயந்துதானுங்க, தண்ணி பாத்தீங்களான்னு கத்துனேன். அவரு மறந்துட்டேன்னு சொன்னாருங்க. தண்ணி பாக்காம அவரு ஒரு நாளும் வண்டிய எடுத்ததில்லீங்களே. அவருக்கும் தெரிஞ்சு போச்சு, எனக்காகப் பொய் சொல்றாருன்னு அந்தச் சொல்லுலயே தெரிஞ்சுக்கிட்டேனுங்க."

என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. "தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா அவனை அத்தனை பேர் முன்னால அப்படிப் பேசினே?"

"பேசாம இருந்தா எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்குவாருங்கண்ணா. ஒரு நாளு ஒடம்புக்கு முடியாம சும்மா உக்காந்திருந்தேனுங்க, கண்டீங்களல்லோ? சோறு எறங்குச்சுங்களா அவருக்கு? பெசஞ்ச சோத்த அப்படியே உட்டுப்போட்டுப் போனதப் பாத்தேனுங்க. காய்ச்சலோட கத்துனேன், பொறவுதான் தின்னாரு. என்னைய ஒண்ணும் தெரியாதவளா வெச்சுக்கறதுதான் அவருக்குப் புள்ளைக்குப் பதிலா இருந்துதுங்க. அதையும் நான் புடுங்கிக்கறதுங்களா?"

முறத்தைக் கீழே வைத்தாள். முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தெனமும் சோத்தத் தூக்கிக்கிட்டு வாரப்ப, இன்னைக்கு என்ன சொல்லி வையறதுன்னு யோசிச்சுக்கிட்டே வருவேனுங்க. வாய் கூசுமுங்க. இனி ஒண்ணும் யோசிக்க வேண்டீதில்லீங்க" என்றாள். அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. தலையில் அடித்துக்கொண்டு, தெருக்கூட்டம் எட்டிப் பார்க்கிற மாதிரி அழுதாள். "தண்ணி பாத்தாருங்கண்ணா. அவரு தண்ணி பாத்துத்தானுங்க வண்டிய எடுத்தாரு" என்று அந்தக் கூட்டத்திடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பட்டறைக்கு வந்த பிறகுதான் செருப்பை அவள் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.